டிஜிட்டல் இந்தியா: நடுவில் நிற்கும் ஆளை நீக்குவதா, நியமிப்பதா?

#1 கெடிலக்கரை (கடலூர்)

2015 ஜூலை 1 அன்று டிஜிட்டல் இந்தியா திட்டம் தொடங்கப்பட்டபோது முன்வைக்கப்பட்ட மூன்று குறிக்கோள்களில், அரசின் சேவை கேட்ட உடனே கேட்டவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்பது ஒன்று. அதற்கு முன்பே, 2006 மே மாதம் ஒப்புதல் பெற்ற தேசிய மின்னாளுகைத் திட்டம் 27 பெருந்திட்டங்களோடு இதே திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய இருபது ஆண்டு வேலை. இந்தக் காலத்தில் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கம் மாவட்ட ஆட்சியரிடம் இது குறித்து மனு கொடுக்க எண்ணியிருப்பதால், இங்கே வரும் கருத்துகள் அதற்கும் பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006 திட்டத்தின் நோக்கவுரை, அரசின் சேவைகள் எல்லாம் சாமானியர் குடியிருக்கும் வட்டாரத்திலேயே, பொதுச் சேவை மையங்களின் வழியே, கட்டுப்படியாகும் செலவில் கிடைக்க வேண்டும் என்றது. அதில் ஓர் இடம் இருந்தது, அந்த இடத்தில் ஓர் ஆளும் இருந்தார். 2015க்குப் பிறகு பேச்சு பெரும்பாலும் கைபேசியைப் பற்றியதாக மாறியது. இடைத்தரகர் ஒழிந்தார் என்பது மேடைதோறும் சொல்லப்படும் வாசகமாயிற்று. நடைமுறையில் அவர் ஒழியவில்லை. வட்டாட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவரின் இடத்துக்கு, கணினியும் ஸ்கேனரும் வைத்திருப்பவர் வந்திருக்கிறார். அவர் அரசு ஊழியர் அல்லர். நம் விண்ணப்பம் ஏன் தள்ளுபடியானது என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை. தள்ளுபடி செய்தவரோ நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, நடுவில் ஓர் ஆள் இருந்தே தீர்வார் என்றால், அவரை ஒளித்து வைப்பதைவிட முறையாக நியமித்து, பொறுப்பும் கொடுத்து உட்கார வைப்பதுதானே சரி? இதுவே என் கேள்வி.

#2 பழைய கச்சேரி (விருத்தாசலம்)

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் எதிர்த்தரப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முன்பு தபால் பதிவேட்டில் ஏறாத மனு எத்தனையோ இருந்தது. மனு கொடுத்தவர் திரும்ப வந்து கேட்டால், தேடிப் பார்க்கிறோம் என்பதே பதில். அந்தப் பதிலுக்குச் சாட்சி கிடையாது. இன்று விண்ணப்ப எண் இருக்கிறது, எந்தத் தேதியில் யாருடைய மேசைக்குப் போனது என்ற தடம் இருக்கிறது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் தளத்தில் எவரும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆள் பிடித்துத் தேடுகூலி கொடுக்க வேண்டியிருந்தது. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறுகிற ஏற்பாடும் வந்துவிட்டது. சாதிச் சான்றிதழில் உள்ள கியூஆர் குறியீட்டைச் சரிபார்க்க முடிவதால், போலிச் சான்றிதழ் தயாரிப்பவர்களின் தொழில் படுத்துவிட்டது.

இவையெல்லாம் சாதாரண மாற்றங்கள் அல்ல. ஆனால் உட்பிரிவு என்று வந்துவிட்டால், நில அளவர் சங்கிலியை எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தாக வேண்டும். அதை எந்தக் கணினியும் செய்யாது. மக்கள் கணினியைத் திட்டுகிற இடங்களில் பாதி, உண்மையில் ஆள் போதாத இடங்கள்.

#3 சேவைமேசை (குறிஞ்சிப்பாடி வட்டம்)

கெடிலக்கரை ஐயா குறிப்பிடுகிற அந்த நடு ஆள் நான்தான். எங்கள் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். எங்களில் அரசு கேபிள் டி.வி. நிறுவனத்தின் கீழ் வேலை செய்வோர் உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கங்களில் இருப்போர் உண்டு. 2023இல் வந்த ‘அனைவருக்கும் இ-சேவை’ திட்டத்தில் சொந்தமாக மையம் வைத்தவர்களும் உண்டு. மத்திய அரசின் பொதுச் சேவை மையம் நடத்துவோரைக் கிராம அளவிலான தொழில்முனைவோர் என்று அழைக்கிறார்கள். சொந்தமாக மையம் வைத்த எங்களுக்குப் பெயர் எதுவானாலும் மாதச் சம்பளம் கிடையாது. ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு வரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வருமானச் சான்றிதழுக்கு ஓர் அம்மா வருகிறார் என்று வையுங்கள். முதலில் அவருக்குக் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்க வேண்டும். அதற்கு அவருடைய கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். ஆதாரில் இணைத்த எண்ணோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற மகனுடையது. அவனுக்கு ஷிப்ட் நேரத்தில் போனை எடுக்க அனுமதி இல்லை. அவன் இடைவேளையில் எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் அந்த எண்ணின் ஆயுள் முடிந்துவிடும். மீண்டும் அனுப்பச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அது முடிந்தால் ஆவணங்களை ஸ்கேன் செய்ய வேண்டும். கோப்பின் அளவு கூடினால் தளம் ஏற்காது. அளவைக் குறைத்தால் எழுத்து மங்கி, ஆவணம் தெளிவாக இல்லை என்று மேலே தள்ளுபடி செய்வார்கள். ஆதாரில் தகப்பனார் பெயரின் முன்னெழுத்து பின்னால் இருக்கும், குடும்ப அட்டையில் முன்னால் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இருக்கவே இருக்காது. மூன்றும் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதுவதற்கான கட்டம் திரையில் இல்லை.

தள்ளுபடியானால் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம். வருவாய்த் துறைச் சான்றிதழுக்கு 60 ரூபாய் என்பது அறிவிப்புப் பலகையில் உள்ளது; நான் அதற்கு மேல் வாங்குவதில்லை. ஆனால் நூறு, இருநூறு கேட்கிற மையங்கள் இருப்பதை மறுக்க மாட்டேன். ஓர் ஆளுக்கு அரைமணி நேரம் செலவாகிறது. மின்சாரம், இணையம், தாள், மை எல்லாம் எங்கள் கைக்காசு. தவறை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, அந்தத் தவறு எங்கிருந்து முளைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

#4 முந்திரிக்காடு (பண்ருட்டி)

நடு ஆளை நியமிக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், அவரிடம் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேராக வரவு வைக்கப்படுகிறது. இடையில் எவரும் கை வைக்க முடியாது என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. 2020இல் என்ன நடந்தது? வேளாண் அலுவலகங்களின் லாகினும் பாஸ்வேர்டும் வெளியாட்கள் கைக்குப் போய், நிலமே இல்லாதவர்களும் வேறு மாவட்டத்துக்காரர்களும் விவசாயிகளாகப் பதிவானார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள்தாம் அதில் பெரிதும் அடிபட்டன. தகுதியற்றவர்கள் 5.5 லட்சம் பேர் என்றும், தொகை 110 கோடி ரூபாய் என்றும் அப்போதைய வேளாண்துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார், சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. சுனாமியின்போது நம் மாவட்ட ஆட்சியராக இருந்தவரும் அவரே என்பது பலருக்கு நினைவிருக்கும்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. பணம் போகிற பாதையில் ஓட்டை இருக்கவில்லை. கணக்குக்குச் சரியாகத்தான் போயிற்று. யார் விவசாயி என்று முடிவு செய்கிற இடத்தில்தான் ஓட்டை இருந்தது. பட்டாவையும் ஆளையும் நேரில் பார்த்து ஒப்பிட வேண்டியவர், பார்க்காமலேயே ஒப்புதல் பொத்தானை அழுத்தினார், அல்லது அழுத்த வேறொருவரை அனுமதித்தார். அதே சமயம், முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து உண்மையாகவே பாடுபடுகிறவர் இத்திட்டத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை; நிலம் தன் பெயரில் உள்ள குடும்பத்துக்கு மட்டுமே அது. இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். அதுவும் பட்டாவைப் பிடித்துக்கொண்டே வருகிறது.

#5 நிரல்வழி (புதுச்சேரி)

மென்பொருள் துறையில் இருக்கிறேன். மேலே சொன்ன முறைகேடு, மனிதர் கையில் முடிவை விட்டதால் வந்தது என்பதே என் புரிதல். அப்படியிருக்க, இன்னும் மனிதரை நியமிக்கச் சொல்வது எனக்கு விளங்கவில்லை. 2016இல் வந்த யு.பி.ஐ. முறையைப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் சுண்டல் விற்பவர் எந்தப் பயிற்சி முகாமுக்கும் போகவில்லை, எந்த மையத்திலும் வரிசையில் நிற்கவில்லை. நன்றாக வடிவமைத்த கருவி தானே பரவும். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால், 2017இல் திருத்தப்பட்ட விதிப்படி அவை அசலுக்கு ஒப்பானவை. அரசிடம் ஏற்கெனவே இருக்கிற தகவலை மக்களிடம் மறுபடி கேட்பதை நிறுத்தினாலே சேவைமேசை அம்மா விவரித்த சிக்கலில் பெரும்பகுதி மறைந்துவிடும். குறை கணினிமயத்தில் இல்லை. பாதியில் நின்ற கணினிமயத்தில் இருக்கிறது.

#6 பாகூர் ஏரிக்கரை (புதுச்சேரி)

நண்பர் நிரல்வழிக்கு: யு.பி.ஐ.யில் உங்கள் பணத்தை நீங்களே கொடுக்கிறீர்கள்; தகுதி உண்டா இல்லையா என்று எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அரசின் சேவையில் பெரும்பாலும் அந்த முடிவுதான் சேவையே. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது.

பாதியில் நிற்காமல் முழுதாகவே மாற்றிப் பார்த்த ஓர் அனுபவம் நம் புதுச்சேரிக்கு உண்டு. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியது. கடை வேண்டாம், எடைக்கல் வேண்டாம், கடைக்காரர் வேண்டாம். கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதைவிடத் தூய்மையான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் கையில் வருகிற பணத்துக்குச் சந்தையில் எவ்வளவு அரிசி வரும் என்பது கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். சாலை தாண்டினால் கடலூர் மாவட்டம்; அங்கே அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கும். இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் இருக்கிற ஊர்களில் இந்த வேறுபாடு ஒவ்வொரு நாளும் பேச்சாக இருந்தது. அரிசியா பணமா என்று ஆட்சியில் இருந்தவர்களுக்கும் துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் இடையே நடந்த வழக்கையும் வாதத்தையும் எல்லோரும் அறிவர். கரோனா ஊரடங்கு வந்தபோது அரிசியாகவே கொடுக்க வேண்டியதாயிற்று. விநியோகிக்கக் கடைகள் இல்லாமல் அரசு திண்டாடியது. கடைசியில் 2024 தீபாவளியை ஒட்டி நியாயவிலைக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.

பணமாகக் கொடுப்பது எங்குமே தவறு என்று நான் வாதிடவில்லை. முதியோர் உதவித்தொகை கணக்கில் வருவதை எவரும் குறை சொல்லவில்லை. கடையை மூடுவதற்கு முன் எங்களைக் கேட்கவில்லை என்பதே வருத்தம்.

#7 வீராம்பட்டினம் கரை

இந்தத் திட்டங்களுக்கெல்லாம் முன்னால் எங்கள் ஊரில் நடந்த ஒன்றை இளைஞர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமையிடம், அங்கிருந்து மற்ற ஊர்களுக்குச் செய்தி போகும். எம்பலத்தில் மையம் கோயில் இடத்திலேயே இயங்கியது. எங்கள் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். நாளை கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை வலை பின்னிக்கொண்டே கேட்டு முடிவு செய்யலாம். அந்நாளில் எங்களில் எவரிடமும் கணினி இல்லை, இணையம் இல்லை, எழுத்து தெரியாதவர்களும் பலர். இருந்தும் அந்தத் தகவல் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. மையத்தில் உட்கார்ந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களும் இளைஞர்களும்தான். தவறாகச் சொன்னால் மறுநாள் அதே தெருவில் எங்கள் முகத்தில் விழித்தாக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில் நடந்தது இன்னும் பெரிது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, ஊர் பிழைத்தது. அந்த நேரத்தில் உதவியது கணினி அல்ல என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த ஒலிபெருக்கியும், அதைக் கேட்டவுடன் நம்புகிற பழக்கமும், அந்த மையத்தால் ஊருக்கு வந்தவை. இன்று கைபேசியில் பத்துச் செயலிகள் எச்சரிக்கை தருகின்றன. எதை நம்புவது என்று பக்கத்து வீட்டில் கேட்கிறோம்.

#8 நிரல்வழி (புதுச்சேரி)

வீராம்பட்டினம் ஐயா சொன்னது மதிக்கத்தக்க வரலாறு. ஆனால் அது ஒரு தொண்டு நிறுவனம், சில ஊர்கள், வெளிநாட்டு நிதி. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அதே அக்கறையோடு ஆள் கிடைப்பார்களா? ஊராட்சிகளுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தின் கண்ணாடி இழையை இத்தனை ஊராட்சிகளுக்கும் கொண்டு போவதற்கே இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. பரவலாகச் செய்ய வேண்டுமானால் இயந்திரம்தான் வழி.

#9 மஞ்சக்குப்பம் வக்கீல் (கடலூர்)

விவாதம் ஆள், இயந்திரம் என்று பிரிந்துபோகிறது. சட்டம் படித்தவனுக்கு இதில் வேறொன்று தெரிகிறது. இந்த இருபது ஆண்டுகளில் சேவை கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கும் கையொப்பத்துக்கும் அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் அதன் 9ஆம் பிரிவு, மின்னணு வடிவில் ஆவணத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று எந்த அரசு அலுவலகத்தையும் கட்டாயப்படுத்தும் உரிமை குடிமகனுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 2011 டிசம்பரில் மக்களவையில் இரண்டு மசோதாக்கள் வந்தன. ஒன்று, அரசின் சேவைகள் எல்லாவற்றையும் குறித்த ஆண்டுகளுக்குள் மின்னணு முறையில் வழங்கியாக வேண்டும் என்பது. மற்றொன்று, குறித்த காலத்துக்குள் சேவை தராத அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்பது. இரண்டும் 2014இல் அந்த மக்களவையோடு காலாவதியாயின. அடுத்த ஆண்டு வந்த டிஜிட்டல் இந்தியா, சட்டமாக வராமல் திட்டமாக வந்தது. மாநிலங்களில் மத்தியப் பிரதேசம் 2010லேயே சேவை உரிமைச் சட்டம் இயற்றி, தாமதிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது.

உதவி பெற வருபவரை ஆதாரோடு ஒப்பிடும் கைரேகை விஷயத்தில் மட்டும் மக்கள் கையில் ஓரளவு பிடி இருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்றபோது, நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்ற 7ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. ஆயினும் ரேகை பொருந்தவில்லை என்பதற்காக மட்டுமே ஒருவருக்கு உதவியை மறுக்கக் கூடாது என்பது, 2017 அக்டோபரில் ஆதார் ஆணையமே வெளியிட்ட சுற்றறிக்கையின் நிலைப்பாடு. வேறு வழியில் அடையாளம் கண்டு, விதிவிலக்காகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். முந்திரிக் கொட்டை உடைத்து விரல் வெந்துபோன பெண்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. ரேஷன் கடையில் தன் சார்பில் வேறொருவரைப் பொருள் வாங்க நியமிக்கும் படிவம் உண்டு என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை.

#10 பழைய கச்சேரி (விருத்தாசலம்)

வக்கீல் ஐயா சொன்ன அபராதம் குறித்து ஓர் எச்சரிக்கை. கெடு வைத்தால், கெடு முடிகிற நாளில் தள்ளுபடிகள் குவியும். வாராந்திர ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்பது, நிலுவை எத்தனை என்பது ஒன்றைத்தான். ஏற்பு, தள்ளுபடி இரண்டுமே நிலுவையிலிருந்து கழியும். கிராம நிர்வாக அலுவலரோ வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், பயிர் அடங்கல் என்று ஒரே நேரத்தில் பல வேலைகளில் இருப்பவர். ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்பது அவருக்கு மிக எளிதான முடிவு. அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் முன்னால் வைத்த கணக்குதான் அப்படி.

ஆகவே நாளைக் கணக்கிடுவதோடு தள்ளுபடியையும் கணக்கிட வேண்டும். ஒரே ஆள் ஒரே சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பித்து, இரண்டாம் முறை ஏற்கப்பட்டால், முதல் தள்ளுபடி தேவையற்றது என்று தெரிகிறது அல்லவா? அந்த விவரம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. எவரும் கேட்பதில்லை, அவ்வளவே.

#11 முள்ளோடைக்காரன்

இரண்டு அரசுகளுக்கு நடுவில் குடியிருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். எனக்கு வீடு தமிழ்நாட்டு எல்லையில், தகப்பனார் வழி நிலம் பாகூர் பக்கம். புதுச்சேரியின் நில ஆவணம் ‘நிலமகள்’ தளத்தில், தமிழ்நாட்டினது ‘தமிழ்நிலம்’ தளத்தில். ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. ஒரே தேசிய அடையாள எண் வைத்துக்கொண்டு, காகிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். பிரெஞ்சுக்காரர் காலம் தொட்டே பிறப்பு, திருமணம் எல்லாம் ஒழுங்காகப் பதிவான ஊர் புதுச்சேரி. பதிவேடு நம்மிடம் என்றைக்கும் குறைவில்லை, பேசிக்கொள்வதுதான் இல்லை.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகரில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புதுச்சேரி அரசு அட்டைதாரர்களுக்கு 5,000 ரூபாயை வங்கிக் கணக்கில் செலுத்துவதாக அறிவித்தது. தமிழ்நாடு, கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாயை ரேஷன் கடை வழியே கொடுத்தது. எது சிறந்தது என்று கேட்டால், கணக்கு ஒழுங்காக உள்ளவருக்கு முதலாவது, கணக்கு முடங்கிக் கிடந்தவருக்கு இரண்டாவது. இரண்டுக்கும் அடிப்படை அதே குடும்ப அட்டைப் பட்டியல்தான். அதில் பெயர் விட்டுப்போனவர் இரு பக்கமும் வெளியே நின்றார்.

#12 கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. 2025 ஜூலை 15 அன்று நம் மாவட்டத்துச் சிதம்பரத்தில்தான் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கப்பட்டன. மாநிலம் முழுக்க 10,000 முகாம்கள், ஊரகத்தில் 15 துறைகளின் 46 சேவைகள். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இணையத்தில் கிடைப்பவை. இருந்தும் பந்தல் போட்டு, மேசை போட்டு, துறைவாரியாக அலுவலர்களை உட்கார வைக்க நேர்ந்தது. அரசியல் கணக்கு அதில் இருக்கலாம், அது தனிப் பேச்சு. அரசே நடு ஆளின் தேவையை ஒப்புக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நண்பர் நிரல்வழி கேட்ட பரவல் கேள்விக்கும் இதுவே என் பதில்: ஆட்கள் இருக்கிறார்கள், முகாம் முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள்.

மனுவின் வரைவை இப்படி அமைக்க எண்ணுகிறேன். ஒவ்வொரு குறுவட்டத்திலும் (பிர்கா) வாரத்தில் ஒரு நாள், தள்ளுபடியான விண்ணப்பங்களை மட்டும் பார்ப்பதற்கென்று, திருத்தி ஏற்கும் அதிகாரமுள்ள ஓர் அலுவலர் இ-சேவை மையத்திலேயே வந்து அமர வேண்டும். தள்ளுபடிச் செய்தியில் காரணம் முழு வாக்கியமாகவும், முடிவெடுத்தவரின் பதவியும் அலுவலகமும் குறிப்பிட்டும் வர வேண்டும். ஒரே சேவைக்கு மறுமுறை விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் கூடாது. பழைய கச்சேரி ஐயா சொன்னபடி, தள்ளுபடியாகிப் பின்னர் ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கையை வட்டவாரியாக வெளியிட வேண்டும். ரேகை விழாதவர்களுக்கான விதிவிலக்கு நடைமுறையைக் கடைகளிலும் மையங்களிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். முள்ளோடை நண்பரின் குறை இரு அரசுகளும் சேர்ந்து தீர்க்க வேண்டியது. ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் அது எடுபடாது என்பதால் தனியாக எழுதுவோம்.

#13 சேவைமேசை (குறிஞ்சிப்பாடி வட்டம்)

வரைவு நன்றாக இருக்கிறது, ஓரிடத்தைத் தவிர. மறுவிண்ணப்பத்துக்குக் கட்டணம் கூடாது என்று மட்டும் எழுதினால், அதில் எங்கள் பங்கும் போய்விடும். இரண்டாம் முறை வருகிற அம்மாவை எந்த மையமும் வரவேற்காது, சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மக்களிடம் வாங்க வேண்டாம், தள்ளுபடி தவறு என்று தெரிந்தால் மையத்துக்கான பங்கைத் துறை ஏற்க வேண்டும் என்று சேருங்கள். அலுவலர் வந்து அமரும் நாளைச் சந்தை நாளாக வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் அன்றைக்குத்தான் சுற்று ஊர்க்காரர்கள் எல்லோரும் வருவார்கள். பேருந்தும் அன்றைக்குக் கூடுதல்.

#14 கெடிலக்கரை (கடலூர்)

இரண்டையும் சேர்த்துவிட்டேன். சந்தை நாள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அந்தந்தக் குறுவட்டத்தின் சந்தை நாள் என்றே எழுதியிருக்கிறேன். திருத்திய வரைவைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசித்து, கையெழுத்து வாங்கியபின், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்போம். வேறு வட்டங்களிலிருந்து யாரேனும் இதே மனுவைத் தங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்க விரும்பினால் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.